பின்பக்கம் காட்டும் கண்ணாடி

சோவியத் ரஷ்யாவில் அணு உலை வெடித்த வருஷம், தாம்பரத்தில் என் முடிவெட்டும் கடைக்கு பக்கத்து அஸ்தினாபுரத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். ஊர் ஊராகப் போய் அணு உலைகளின் பாதுகாப்பைச் சோதிப்பவர். ஒல்லி உடம்பு. என் நாற்காலியைக்கூட ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். வாய் மட்டும் நிற்காது.

"இன்னா சார், நம்ம நாட்லயும் வெடிக்குமா?" என்றேன் ஒருநாள்.

"வடக்க ஒரு உலையில குழாய் சரியில்லப்பா. மாத்துற வரைக்கும் ஓட்டாதீங்கன்னு எழுதிட்டேன். நாளைக்கு மீட்டிங். அதை வாபஸ் வாங்கச் சொல்றாங்க."

"யாரு சார்?"

"உலையை நடத்துற பெரியவர். எனக்கும் அவர்தான் மேலதிகாரி."

வெட்டி முடித்து, பின்மண்டையைக் காட்டக் கைக்கண்ணாடியைப் பிடித்தேன். படிக்கட்டு மாதிரி வெட்டியிருந்ததால், வழக்கம்போலக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.

"நேரா புடி," என்றார். "வெட்டுறவன் கையிலயே கண்ணாடியும் இருந்தா இப்படித்தான். அங்கயும் இதான் நடக்குது."

சிரிக்கத்தான் நினைத்தேன். அவர் முகம் விடவில்லை.

"வாபஸ் வாங்கிடுவீங்களா சார்?"

"மாட்டேன்பா."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. சோதிக்கும் வேலையிலிருந்தே அவரைத் தூக்கிவிட்டதாக அவர் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

இப்போதெல்லாம் கண்ணாடியை வருகிறவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். தினமும் திட்டு விழுகிறது. அந்தக் குழாயை மாற்றினார்களா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.