பயிற்சிக்குப் போகிறார் வேன் டிரைவர்

எங்கள் கம்பெனியிலிருந்து மனநல முதலுதவிப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். மனசு உடைந்து நிற்கும் சக ஊழியரிடம் எப்படிப் பேசுவது என்று இரண்டு நாள் சொல்லித் தருவார்கள். ஏற்பாடு என் பொறுப்பு.

"என் பேரை எழுதிருங்க. எல்லாரும் எங்கிட்டதானே வாராங்க" என்றார் மேனேஜர்.

லீவு கேட்கத்தான் வருகிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் இன்று காலை ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தேன். "மனசு பாரமா இருந்தா யார்கிட்ட சொல்லுவீங்க? அவங்க பேரை மட்டும் எழுதுங்க."

மத்தியானம் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசிச் சீட்டில் ஒரே பெயர். ஆரப்பாளையத்திலிருந்து எங்களை ஏற்றி வரும் வேன் டிரைவர் பாண்டி அண்ணன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் பயந்துவிட்டார்.

"நான் ஒண்ணுமே பேச மாட்டேனே தாயி. முன்சீட்டுல உக்காந்து அவங்களா சொல்லுவாங்க. நான் ரோட்டைப் பாத்துக்கிட்டே கேப்பேன். அம்புட்டுத்தான்."

பயிற்சி தருபவரிடம் போனில் இதைச் சொன்னேன். "பாதிப் பாடம் முடிஞ்சிருச்சே" என்று சிரித்தார்.

அந்த இரண்டு நாளும் வேன் ஓடாது என்று அறிவித்தேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. "அண்ணே போயிட்டு வரட்டும், நாங்க பஸ்ல வாரோம்" என்றார்கள்.

அனுமதித் தாளில் மேனேஜர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கம்பெனியில் பச்சைப் பேனா அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

சீட்டுகளிலும் ஒன்று பச்சை மையில் இருந்தது. அதிலும் பாண்டி அண்ணன் பெயர்தான்.

உங்கள் ஆபீசில் யார் பெயர் வரும், சொல்லுங்கள். உங்கள் பெயர்தான் வரும் என்பவர்கள், முதலில் சீட்டு கொடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.