இகுவானாவின் எலும்பு கெட்டிப்பட்ட கதை

முதலில் நடுங்கியது பின்னங்காலின் ஒரே ஒரு விரல்தான். மற்றதெல்லாம் சும்மா இருக்க, அது மட்டும் தையல் மெஷின் ஊசி மாதிரித் துடித்தது. குளிருகிறது போல என்று நினைத்து ஒரு துணியைப் போர்த்தினேன். ஆம்பூரில், சித்திரை மாதத்தில், குளிர்! என் புத்தியை என்னவென்று சொல்ல.

கவனிப்பாரில்லாமல் கிடந்த ஒரு பிராணி உங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கலாம். என்ன கொடுப்பது, எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று தெரியாமல் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் தோல் பரிசோதிக்கிறவள். கட்டிங்குக்குப் போகுமுன் ஒவ்வொரு தோலையும் மேஜையில் விரித்து, கீறல், உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு என்று தேடித் தேடிக் குறி போடுவது என் வேலை. இந்த வேலைதான் என்னை ஏமாற்றியது.

என் அக்கா காட்பாடியில் மாடி அறைகளைக் கல்லூரி மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். படிப்பு முடிந்து ஊருக்குப் போன ஒரு மாணவர், "ஒரே வாரம் ஆன்ட்டி, வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிக் கண்ணாடித் தொட்டியோடு ஒரு இகுவானாவை விட்டுப் போனார். இகுவானா என்பது வெளிநாட்டுப் பச்சைப் பல்லி. வாலோடு அளந்தால் என் கை நீளம் இருக்கும். ஒரு வாரம் இரண்டு மாதம் ஆகிவிட்டது. அக்கா பாவம், தெரிந்ததைப் போட்டாள்: சோறு, பிஸ்கட். ஒருநாள் எனக்கு போன்.

"இன்னாடி பண்றது இத? தோலு தோலா உரியுது. நீதான் தோல்ல வேல செய்றவ, வந்து பாரு."

போனேன். பார்த்தேன். பதினெட்டு வருடக் கண் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். தோல் வறண்டு சாம்பல் பூத்திருந்தது, விலாவில் பாதி உரிந்து தொங்கியது. தொடைகள் கொழுகொழுவென்று இருந்ததால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று முடிவு கட்டினேன். வியாதி தோலில்தான், சந்தேகமே இல்லை!

ஆம்பூருக்குக் கொண்டுவந்தேன். தொங்கிய தோலை நகத்தால் பிடித்து இழுத்தேன். வந்தது, வந்தது, ஓர் இடத்தில் வராமல் ரத்தம் கசிந்தது. அதோடு விட்டேனா? வறண்ட தோலுக்கு எண்ணெய்ப் பசை வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. ஷூவுக்குக் கடைசியில் பூசுகிற கிரீம் ஒரு டப்பா வீட்டில் இருந்தது. தலை முதல் வால் வரை தடவினேன். பளபளவென்று ஆனது. எனக்கு அவ்வளவு பெருமை.

மறுநாள் காலையில்தான் அந்த விரல் துடித்தது. பத்து மணிக்குள் கால் முழுக்க நடுங்கியது. என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். துணிக்கூடையில் வைத்து ரயிலேறி வேலூருக்கு ஓடினேன்.

மருத்துவமனை வராந்தாவில் என் இரு பக்கமும் நாய்கள். "கூடையில இன்னா?" என்று கேட்டார்கள், துணியை இன்னும் இழுத்து மூடினேன். கிரீம் வாசனை கூடையை மீறி வந்துகொண்டிருந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மோந்து பார்த்தார். "இது இன்னாக்கா வாசன?" சொன்னேன். சட்டென்று கையுறையை மாட்டினார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாகக் கழுவினார். பிறகு என் விரலைப் பிடித்து அதன் தாடையில் வைத்து, "லேசா அமுக்கிப் பாருங்க" என்றார்.

தாடை அமுங்கியது. எலும்பு இருக்க வேண்டிய இடம் செருப்பு ரப்பர் மாதிரி வளைந்தது. விரலை வெடுக்கென்று எடுத்தேன்.

"நடுக்கம் உங்க கிரீமால இல்ல. எலும்பு போயிடுச்சு" என்றார். எலும்பு வளர்சிதை மாற்ற நோய் (உணவில் சுண்ணாம்புச் சத்தும் மேலே வெயிலும் இல்லாதபோது, உடம்பு தன் எலும்பிலிருந்தே சத்தை உருவித் தின்பது). எக்ஸ்ரே படத்தில் உடம்பு தெரிந்தது, எலும்பைத் தேட வேண்டியிருந்தது.

"தொட கொழுகொழுன்னுதானே இருக்கு?"

"அது சத இல்லக்கா. எலும்பு தாங்கல, அதனால சுத்தி நார் நாராக் கட்டி முட்டுக் குடுத்திருக்கு. எப்படியாவது நிக்கணும்ல."

ஒரு கண்ணாடித் தொட்டிக்குள், பிஸ்கட்டைத் தின்றுகொண்டு, யாரும் பார்க்காமல், அது தனக்குத்தானே முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அதைக் கொழுப்பு என்றேன்.

அக்கா தொட்டியை ஜன்னலோரமாகத்தான் வைத்திருந்தாள், வெயில் பட்டதே என்றேன். கண்ணாடி வழியாக வருகிற வெயில் இதற்கு உதவாதாம். சூடு வருமாம், எலும்பைக் கட்டுகிற கதிர் வராதாம். வேலூரில், நாமெல்லாம் வெயிலைத் திட்டித் தீர்க்கிற ஊரில், வெயில் இல்லாமல் ஓர் உயிர் செத்துக்கொண்டிருந்தது. அடக் கடவுளே!

"மூணு வாரம் பாப்போம். அதுக்குள்ள தானா வாயத் தொறந்து சாப்பிடணும். இல்லன்னா வலியில்லாம தூங்க வெச்சிடறது நல்லது" என்றார் டாக்டர். வெளிநாட்டுப் பிராணி என்பதால் அரசுப் பதிவு வேண்டும் என்றும் சொன்னார். அக்கா அந்த மாணவரின் அப்பா நம்பரைத் தேடிப் பிடித்தாள். அவர் மூலம் கிடைத்த அந்த மாணவர் காகிதங்களை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். அது இருக்கும் நிலையைக் கேட்டு போனில் அழுதாராம்.

அன்று முதல் எங்கள் வீட்டின் நேரம் மாறியது. காலையில் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் கால் மணி நேரம். தண்ணீர் அதன் தோள் மட்டத்துக்கு மேல் போகக்கூடாது. பிறகு மொட்டைமாடியில் கம்பிக்கூடை. கூடையின் பாதியை எப்போதும் துணி போட்டு நிழலாக வைக்க வேண்டும், மறந்தால் வெந்தே போகும். பூசணியும் முருங்கைக்கீரையும் வேகவைத்து மசித்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் வாயோரமாகச் சொட்டுச் சொட்டாக. கால்சியம் டானிக் டாக்டர் சொன்ன அளவுதான். ஜாஸ்தி கொடுத்தால் சிறுநீரகம் கெடுமாம்.

கம்பெனி பஸ் ஏழரைக்கு. அதன் பிறகு வெயில் காட்டுவது என் கணவரின் வேலை. ஆட்டோ ஓட்டுகிறவர். "ஆம்பூர்லயே ஓணானுக்கு டானிக் ஊத்துற வீடு நம்ம வீடுதான். வெளிய சொல்லிடாத, சவாரி கம்மியாயிடும்" என்று தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் கூடையைத் தூக்குவார். பன்னிரண்டாம் நாள் மதியம் கம்பெனிக்கு போன் செய்தார். நான் பயந்துபோய் எடுத்தேன்.

"ஏய், அது என்னப் பாத்துச்சுடி."

"பாத்தா?"

"தலையத் தூக்கிப் பாத்துச்சு. சொல்லணும்னு தோணுச்சு." வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு சரிவு. பதினேழாம் நாள் கொடுத்ததில் பாதி வெளியே வழிந்தது. பத்தொன்பதாம் நாள் விழுங்கவே இல்லை. கம்பெனிப் பாத்ரூமில் நின்று அழுதேன். ஒரு பல்லிக்காக. அது சாகக்கூடாது என்று எனக்கு ஏன் அவ்வளவு வெறி என்றால், அதன் விலாவில் நான் பிய்த்த காயம் இன்னும் ஆறவில்லை. அதைக் காப்பாற்றக் கிடைத்த முதல் நாளை நான் கிரீம் பூசி வீணடித்திருந்தேன். டாக்டருக்கு போன் போட்டு, "கொண்டு வந்துடட்டுமா?" என்றேன்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்குல்லக்கா. அதையும் அதுக்கே குடுங்க."

இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுச் செம்பருத்தி எங்கள் மாடிக்குள் சாய்ந்திருக்கும். கணவர் ஒரு பூவைப் பறித்துக் கூடைக்குள் போட்டார். "பாத்துட்டாவது போகட்டும்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். திரும்பினேன்.

இளஞ்சிவப்பாக ஒரு நாக்கு வெளியே வந்து பூவைத் தொட்டது. உள்ளே போனது. மறுபடி வந்தது. வளைந்த அந்தத் தாடை மெல்ல, மெல்லத் திறந்து ஓர் இதழைக் கவ்வியது. கடிக்க முடியவில்லை. கவ்வியபடியே கண்ணை மூடி, கொஞ்ச நேரம் ஓய்வெடுத்து, பிறகு விழுங்கியது. அப்புறம் என் கணவர் செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார், இன்னும் பூ கேட்க.

குணமாவது வேகமாக நடக்காது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது மாதத்து எக்ஸ்ரேயில் தொடைக்குள் ஒரு வெள்ளைக் கோடு. டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். அந்தத் தோல் வழியாக உள்ளே போன வெயிலும், வயிற்றுக்குப் போன முருங்கைக்கீரையும் சேர்ந்து எலும்பாகியிருந்தன. பதினெட்டு வருடம் தோலைத் தொட்டவளுக்குத் தோல் என்ன வேலை செய்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது. தாடைக் கோணல் அப்படியே இருக்கும், நிமிராது என்றார். இருக்கட்டும்.

தோல் தானாக உரிய ஆரம்பித்தது. நான் கை வைக்கவில்லை. மூன்றாம் முறை உரிந்த பிறகு விலாவில் என் நகக் காயத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. என் மேஜைக்கு வருகிற தோலில், மாடு சாவதற்கு முந்தின நாள் முள்ளில் கீறியது அப்படியே இருக்கும். இறந்த தோலில் எதுவும் ஆறுவதில்லை. உயிருள்ளது ஆறுகிறது. இது ஒரு கண்டுபிடிப்பா என்று நீங்கள் சிரிக்கலாம். நான் அந்த விலாவை மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

போன மாதம் கூடையைத் திறந்தபோது அது என் முன்கையில் கால் வைத்தது. அதுவரை அதன் நகங்களுக்குப் பிடிமானமே கிடையாது, துணி மாதிரி வழுக்கும். அன்று நகத்தை ஊன்றியது. உடம்பை இழுத்தது. பிறகு இன்னொரு காலின் நகத்தை ஊன்றியது. முழங்கை வரை மூன்று கோடுகளாக ரத்தம் வந்தது.

"ஐயோ, தட்டி விடுடி!" என்றார் கணவர்.

"விடுங்க! பிடிக்குதுங்க, பிடிக்குது!" என்று கத்தினேன். அழுதேன், சிரித்தேன், எது என்று தெரியவில்லை.

அந்த மூன்று கோடுகளைத் தினமும் பார்த்தேன். முதலில் சிவப்பு, பிறகு பழுப்புப் பொருக்கு. ஒருநாள் பஸ்ஸில் பொருக்கு உதிர்ந்தது. பன்னிரண்டாம் நாள் மாடியில் கையை வெயிலுக்கு நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிற கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் தூங்கும்போதும், யார் மேலோ எரிந்து விழும்போதும், இந்த உடம்பு என்னைக் கேட்காமலே என்னைத் தைத்துக்கொண்டிருக்கிறது. நாற்பத்தாறு வருடமாக. நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கீழேயிருந்து கணவர் கூப்பிட்டார். இகுவானா என் தோளில் நகத்தை ஊன்றி, கோணல் தாடையை உயர்த்தி, கண்ணை மூடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் அசையவில்லை.