முகத்தைத் திருப்புகிறவர்

கோடி வீட்டுக்காரர் குடிக்கிறார் என்று எங்கள் தெருவில் பேச்சு. கிட்டே போய்ப் பேசினால் முகத்தைத் திருப்பி மூச்சை அடக்கிக்கொள்கிறாராம். பெற்ற மகளைக் குனிந்து தூக்கும்போதும் அப்படித்தானாம். மடியில் கனமில்லாதவனுக்கு வாயில் என்ன பயம் என்று கேட்டது தெரு.

அவருக்குக் காட்டு மண் ஆராய்ச்சியில் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். காட்டுக்குள் என்ன ஆராய்ச்சி நடக்கும் என்பதைத் தெருவே முடிவு செய்துகொண்டது. விஷயம் அவர் மனைவியின் அண்ணன் காதுக்கும் போனது. அண்ணன் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். தூங்குகிறவனைக் கண்டால் நடிக்கிறான் என்பார்.

"நாளைக்கு மாப்பிள்ளைகூட நானே காட்டுக்குப் போறேன். பாட்டில் ஒண்ணு கண்ணுல பட்டாலும் நீயும் பிள்ளையும் என்கூடக் கிளம்பறீங்க."

"படலேன்னா?" என்றாள் தங்கை.

"அவர்கிட்ட மன்னிப்பு கேக்கறேன், போதுமா?"

உண்மை அறியும் சாக்கில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

மரங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையங்கள் மண்ணில் பாதி புதைந்து கிடந்தன. வளையத்தை மூடியால் மூடினால், மண்ணிலிருந்து வரும் கரியமில வாயுவைக் குழாய்வழி இழுத்து ஒரு பெட்டி அளக்கும். உதிர்ந்த இலையின் கார்பனில் எவ்வளவு மண்ணில் தங்குகிறது, எவ்வளவு காற்றுக்குத் திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். மாப்பிள்ளை மூடியோடு குனிந்தார். முகம் திரும்பியது, மூச்சு நின்றது.

"பாருங்க, இங்கயும் ஒளிக்கறார்" என்று என் காதைக் கடித்த பரிசோதகர், பாய்ந்து வளையத்துக்குள் தலையை நீட்டி முகர்ந்தார். மூடியபோது பெட்டியில் எண் எகிறியது.

"கெடுத்துட்டீங்களே மச்சான். உங்க மூச்சு உள்ள போயிடுச்சு."

"நான் குடிக்கறதே இல்லையே."

"யார் மூச்சானாலும் அந்த வாயு நிறைய இருக்கும். அதான் குனிஞ்சாலே மூச்சப் பிடிச்சுக்கறேன். பழகிப்போய் வீட்லயும், யாராவது கிட்ட வந்தாலும் வந்துடுது."

பரிசோதகர் நம்பவில்லை. மாப்பிள்ளையின் பையைக் கவிழ்த்தார். பாட்டில் ஒன்று உருண்டது. திறந்து முகர்ந்தார், ஒரு மடக்கு குடித்தும் பார்த்தார். தண்ணீர்.

தங்கை கிளம்பவில்லை. அண்ணன்தான் இப்போது மாப்பிள்ளையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அண்ணனும் குடிக்கிறார் என்று தெரு பேச ஆரம்பித்திருக்கிறது.

"மன்னிப்பு என்னாச்சுண்ணே?" என்று வாசலிலேயே மறிக்கிறாள் தங்கை.

டிக்கெட் இல்லாதவனுக்கு ஒருநாளும் தராத சலுகையைத் தனக்கே தந்துகொள்கிறார் அவர்: "அடுத்த தடவை வர்றப்போ பாத்துக்கலாம்மா."