யாரு பண்ண கன்பியூசன்?

பொத்தேரியில் காலேஜ் கேட்டுக்கு எதிர்ச் சந்தில் வேண்டா அக்காவின் நாஸ்தா கடை. ஒட்டினாற்போல என் ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு தகரம்தான் மறைப்பு. அவள் வடை போடுவது எனக்குக் கேட்கும், நான் கொட்டாவி விடுவது அவளுக்குக் கேட்கும். "இன்னா கண்ணகி, ராத்திரி தூங்கலியா? இன்னா சமாச்சாரம்?" என்று உடனே குரல் வரும். கொட்டாவியைக்கூட அவள் சும்மா விட்டதில்லை.

வேண்டா அக்காவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் குளறுபடிக்கு இங்கிலீஷில் என்னென்ன வார்த்தை உண்டோ அத்தனையும் தெரியும். சாப்பிட வரும் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டே பிடித்துக்கொண்டாள். ஸ்டேஷனில் ஏட்டய்யா ஊர் கேடிகளை நினைவு வைத்திருப்பாரே, அந்த மாதிரி. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு குற்றம்.

"கன்பியூசன்னா சின்னப் பொய். மிஸ் அண்டர்ஸ்டாண்டிங்னா பெரிய பொய். கேயாஸுன்னு ஒண்ணு சொல்லுதுங்க பாரு, அது நாலு பேர் கூட்டு சேந்து பண்ணது" என்பாள்.

அவள் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. புருஷன் அருணகிரி செத்த கையோடு அச்சரப்பாக்கத்து நிலம் கொழுந்தன் பேருக்குப் போய்விட்டது. கேட்டதற்கு, "ஆபீஸ்ல சின்ன கன்பியூசன் அண்ணி" என்றானாம். இவளும் நம்பித் திரும்பி வந்தாள். வந்தவளுக்கு அந்த நிலம் கிடைக்கவே இல்லை. யார் பண்ண கன்பியூசன் என்று அன்றைக்குக் கேட்காமல் விட்டோமே என்ற எரிச்சல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. அதற்கும் சேர்த்து இப்போது எல்லோரையும் கேட்கிறாள். ஒருமுறை சிலிண்டர் கொண்டுவரும் ஆள், "சிஸ்டம் மிஸ்டேக் அக்கா, உங்க பேர் வரல" என்றான். "சிஸ்டம்னா யாரு? அவனக் கூட்டிகினு வா, நான் கேக்குறேன்" என்று மாவுக்கரண்டியோடு ரோட்டுக்கே வந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவளுக்கு ஒரே பெண், ஹரிப்பிரியா. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை. வயது ஏறிக்கொண்டே போயிற்று, வரன் எதுவும் குதிரவில்லை. அவளைத் திருவிடந்தைக்குக் கூட்டிப்போய்ப் பெருமாளுக்கு மாலை வாங்கிச் சாத்தினாள். கல்யாணம் ஆகாதவர்களுக்கு அங்கே மாலையைத் திருப்பித் தருவார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றிவந்து, வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்யாணம் முடிந்தபின் ஜோடியாகப் போய் அந்தப் பழைய மாலையைக் கோயிலிலேயே சேர்த்துவிட வேண்டும். வேண்டா அக்கா அதை மஞ்சள் பையில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். அந்தப் பக்கம் யாரும் கை நீட்டக் கூடாது.

மாலை வந்த நேரம், மதுராந்தகத்திலிருந்து ரஞ்சித்குமார் வரன் அமைந்தது. தன்மையான பையன். அவன் அம்மா விஜயகுமாரி வீட்டுக்கு வந்து தட்டு மாற்றிவிட்டுப் போனாள். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. முதலில், மண்டபத்தில் டேட் க்ளாஷ் என்றார்கள். பிறகு, நாள் குறிப்பதில் கன்பியூசன், பையன் தள்ளிப்போடச் சொல்கிறான் என்றார்கள். மூன்றாவது முறை போன் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஏதோ மிஸ் அண்டர்ஸ்டாண்டிங் சம்மந்தி, எனுக்கே புரியல" என்று விஜயகுமாரி இழுத்தாள்.

"யாரு பண்ணது? பேரச் சொல்லு சம்மந்தி!" என்று இவள் எகிறினாள். அந்தம்மா போனை வைத்துவிட்டாள்.

"பாத்தியாடி, கன்பியூசன்ல ஆரம்பிச்சு மிஸ் அண்டர்ஸ்டாண்டிங்குக்கு வந்துட்டா. வேற எடம் பாத்துட்டாங்க. என் பொண்ணு தலையில கல்லப் போடப் போறாங்க" என்று என்னிடம் பொருமினாள். அவள் சொன்ன விதத்தில் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அவளோடு சேர்ந்தால் அந்தச் சீக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த வெள்ளிக்கிழமை சாமி படம் துடைக்கும்போது வேண்டா அக்காவின் கை பையில் பட்டது. லேசாக இருந்தது. திறந்து பார்த்தால் மாலை இல்லை. வீடே ரணகளம். தட்டு மாற்ற வந்த அன்றைக்கு விஜயகுமாரி சாமி படத்துக்கிட்டே நின்றாளே, அவளாகத்தான் இருக்கும் என்றாள். பிறகு எலி என்றாள். கடைசியில் என்னைப் பார்த்து, "நீ ஒண்ணும் எடுக்கலியே?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "எனுக்கு ரெண்டு புள்ளைங்க கீது அக்கா, நான் அத வெச்சிகினு இன்னா பண்ணப் போறேன்?" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் புது மாலை சாத்திப் பரிகாரம் கேட்கலாம் என்று, கேளம்பாக்கம் போய் பஸ் மாறித் திருவிடந்தைக்குப் போனோம். கோயில் வாசலில் பூ விற்கும் பாப்பா எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். போன தடவை மாலையில் வாடின பூ இருக்கிறது என்று அவிழ்க்கச் சொல்லி, திரும்பக் கட்டவைத்து வாங்கியவள் வேண்டா அக்கா. அவளை எந்தப் பூக்காரி மறப்பாள்?

"வா யக்கா. இன்னா, அடுத்த பொண்ணுக்கா?"

"எனுக்கு ஒரே பொண்ணுதான். அதுக்குத்தான் மாலை."

பாப்பா கட்டுவதை நிறுத்தினாள். "இன்னா யக்கா வெளையாடுற? உம் பொண்ணு போன மாசமே மாலையச் சேக்க வந்துச்சே, ஜோடியா. கழுத்துல புதுத் தாலி. எங்கிட்டதான் பூ வாங்குச்சு."

வேண்டா அக்கா அவளை எதுவும் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்காமல் அவள் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பயமாகிவிட்டது. தெப்பக்குளத்து ஓரமாக உட்காரவைத்து, மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

ஹரிப்பிரியா முதலில் அழுதாள். பிறகு சொன்னாள். கூட வேலை செய்கிற ஜெரோமோடு செங்கல்பட்டில் ரிஜிஸ்டர் கல்யாணம் ஆகிவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்பிடிம்மா சொல்றது? பூ கொஞ்சம் அதிகமா வெச்சாலே யாருக்குன்னு கேப்ப."

"அந்த மாலைய ஏன் எடுத்த?"

"நீ எனக்காக வேண்டிகினு வாங்குனதும்மா. அப்பிடியே ஆணியில வுட மனசு வரல. அவரும் கூட வந்து சுத்துனாரு."

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். ரஞ்சித்குமாரிடம் அவள் ஆரம்பத்திலேயே உண்மையைச் சொல்லிவிட்டாளாம். பெண் பேர் கெடக் கூடாது, அவளே அம்மாவிடம் சொல்லட்டும் என்று, அவன்தான் வீட்டில் க்ளாஷ், கன்பியூசன் என்று ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். அவன் அம்மாவுக்கே விஷயம் தெரியாது.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வேண்டா அக்கா அழுதாள். ஊரையே சந்தேகப்பட்டவள், பெற்ற பெண்ணை மட்டும் நம்பியிருந்தாள். எனக்கு ஹரிப்பிரியா மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அந்தப் பெண் யாருக்குப் பயந்தாள் என்பதும் தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை, கடையில் நல்ல கூட்டம். விஜயகுமாரி போன் செய்தாள். வேண்டா அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, தகரத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்று எடுத்தாள். ரஞ்சித்குமார் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அந்தப் பையன் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பான்.

"இந்தச் சம்மந்தம் வாணாம் சம்மந்தி. உம் புள்ள மேல ஒரு கொறையும் இல்ல. எங்க வூட்லதான் சின்ன கன்பியூசன்."

அந்தப் பக்கத்திலிருந்து விஜயகுமாரியின் குரல் எனக்கே கேட்கிற மாதிரி வெடித்தது.

"அன்னிக்கு என்னைய அந்தக் கேள்வி கேட்டியே, இப்ப நான் கேக்குறேன். யாரு பண்ண கன்பியூசன்? பேரச் சொல்லு!"

வேண்டா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாந்தான் சம்மந்தி. எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. எம் பேர எழுதிக்கோ" என்றாள்.