அத்தை வெள்ளையாக விட்ட இடம்

இதை எழுத நான் சரியான ஆள் இல்லை. பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். படக்கதை ஓவியர்களைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள், நானும் படிக்கிறேன். அதில் என் அத்தை வருவதில்லை. வரவும் வழியில்லை, அவள் ஒரு ஆண் பெயரில் வரைந்தாள். அதனால்தான் இந்தத் துணிச்சல். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தையும் எங்களோடுதான் இருந்தாள். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். சாயங்காலத்தில் மாதம் இருமுறை வரும் ஒரு சிறுவர் பத்திரிகைக்குப் படக்கதை வரைவாள். பத்திரிகை ஆபீஸ் அப்பாவின் ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்ததால், அத்தையின் படங்கள் பழுப்புக் கவரில் அப்பாவோடு மின்சார ரயிலில் போகும்.

ஆரம்பத்தில் அவளும் எல்லோரையும் போலத்தான் வரைந்தாள். வெளிநாட்டுப் படக்கதைகளைத் தமிழில் போடுவார்களே, அவற்றைப் பார்த்துப் பழகிய கை. குதிரை வந்தால் பிடரி மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். சட்டையில் பொத்தான் இருக்கும், பொத்தானில் நாலு ஓட்டையும் இருக்கும். பிறகு ஒரு வருடம் பேனாவை விட்டுப் பிரஷ்ஷைப் பிடித்தாள். பக்கமெல்லாம் கறுப்பு, முகமெல்லாம் பாதி நிழல். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தாள். முதலில் பொத்தான் போனது. பின்னால் இருந்த சுவர் போனது. ஒருநாள் தெருவே போய்விட்டது.

எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. என் வகுப்பில் முன் பெஞ்சில் இருந்தவளுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

"இன்னாடி, உங்கத்தைக்கு மை தீந்துடுச்சா? பாதிப் பக்கம் காலியா கீது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அதுவரை அத்தையால் எனக்கு வகுப்பில் ஒரு மரியாதை இருந்தது.

இங்கே நீலப் பென்சிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை முதலில் வெளிர்நீலப் பென்சிலால் படம் முழுவதையும் போடுவாள், பிறகு அதன் மேல் மை. பழைய நாட்களில் கட்டங்களின் ஓரக்கோட்டுக்கும் கறுப்பு நிரப்பவும் என்னைக் கூப்பிடுவாள். அதனால் நீலக்கோடு என்றால் மை வர வேண்டிய இடம் என்பது எனக்குப் பாடம். வெளிர்நீலம் அச்சுக்குப் படம்பிடிக்கும் கேமராவில் விழாது, அதை அழிக்கவும் வேண்டாம் என்பதை யாரும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் வந்துகொண்டிருந்த கதை, ஸ்டேஷனில் தொலைந்துபோன தங்கையை ஒரு அண்ணன் தேடுவது. ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"உங்க எடிட்டர் இன்னிக்கு என்னைப் பிடிச்சுக்கிட்டார். 'சார், பசங்க காசு குடுத்து வாங்குறது படத்துக்கு, வெள்ளைப் பேப்பருக்கு இல்ல. அடுத்த வாட்டியும் இப்படி வந்தா கதையை நிறுத்திடுவேன்'னுட்டார்."

"நிறுத்தட்டும்."

"ஒரு நாலு மரம், ரெண்டு வீடு போட்டாத்தான் என்னவாம்? கையா வலிக்குது?"

"அண்ணா, வலிச்சா மரம் போட்டிருப்பேன். அது சுலபம்" என்றாள் அத்தை.

அம்மா, "ஏங்க, முதல்ல காப்பியைக் குடிங்க" என்று இடையில் வந்தாள்.

அந்த வாரம் முழுவதும் அத்தை ஒரே ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டினாள். வெள்ளிக்கிழமை கவரில் வைத்து, அட்டை கொடுத்து, நூல் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு, அம்மாவோடு மாடம்பாக்கம் கோயிலுக்குப் பிரதோஷத்துக்குப் போனாள். எனக்குப் பரீட்சை என்று வீட்டில் விட்டார்கள்.

நான் கவரைப் பிரித்தேன். ஒரு பக்கம் முழுக்க ஒரே படம். நடுவில் அந்த அண்ணன் மட்டும் மையில் நின்றான், கட்டைவிரல் அளவுக்கு. சுற்றிலும் நீலப் பென்சிலில் பிளாட்பாரத்துக் கூட்டம்: கூடைக்காரி, போர்ட்டர், பட்டாளத்துக்காரர், தூங்கும் குழந்தை. ஒருவர் மேலும் மை படவில்லை. கதை நிற்கப் போகிறது, அத்தை வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று எனக்கு அழுகை வந்தது. அவளுடைய பேனாவை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாக முடித்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. காய வைத்து, பழையபடி கட்டி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வதுதான் நல்ல காரியம் என்று நினைத்தேன்.

மறுநாள் அப்பா கவரைக் கொடுத்துவிட்டுச் சிரித்தபடி வந்தார்.

"பார்த்ததும் எடிட்டர் எழுந்து நின்னுட்டாரும்மா. 'இதைத்தான் சார் இத்தனை நாளா கேட்டேன், இனிமே இப்படியே போடச் சொல்லுங்க'ன்னார்."

அத்தை கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இப்படியேன்னாரா? நல்லாப் பார்த்துட்டுத்தான் சொன்னாரா?"

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்த்தார், போதுமா?"

"அவருக்குப் புரிஞ்சிடுச்சு அண்ணி" என்று அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை என்னை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்றுதான் குடித்தேன். அடுத்த இரண்டு வாரம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வரைந்தாள். அடுத்த இதழுக்கு ஆறு பக்கம். அவற்றில் முன்னைவிட அதிக வெள்ளை. ஒரு கட்டத்தில் குடையின் வளைந்த பிடி மட்டும்தான். இதற்கும் நான்தான் உட்கார வேண்டும்போல என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டேன்.

பத்திரிகை வந்த அன்று அத்தை நின்றபடியே பிரித்தாள். பிறகு உட்கார்ந்தாள். வெகு நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"நீயாடி?"

"ஆமா அத்தே. நீ பாதியில விட்டுட்டுப் போயிட்டியா, நான் முடிச்சேன். ஒருத்தரைக்கூட விடல."

அப்பா எட்டிப் பார்த்து, "அட, எடிட்டர் எழுந்து நின்னது இவளுக்கா!" என்று பெரிதாகச் சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். அத்தை போர்ட்டரின் மீசை மேல் விரலை வைத்து, "மீசை நல்லா வந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. பத்திரிகையை மூடி, குப்புற வைத்தாள்.

அவள் முகம் வாடியது நிப்பினால் என்று நினைத்தேன். நான் அழுத்தியதில் அதன் முனை கொஞ்சம் விரிந்திருந்தது. வெந்நீரில் கழுவி, துணியால் துடைத்து, அவளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. அத்தனை பேருக்கு நடுவில் நிற்கும் ஒருவனுக்கு ஒரு முகம்கூடக் கண்ணில் படாமல் போகும், அதற்காகத்தான் கூட்டத்தை அச்சில் விழாத நீலத்திலேயே விட்டாள் என்பது பத்து வயதில் எனக்கு எப்படித் தெரியும்? தன் படத்தை இந்த ஊரில் ஒரு மனிதராவது பார்த்துவிட்டார் என்று நம்பி அவள் இரண்டு வாரம் வாழ்ந்திருந்தாள் என்பதும் தெரியாது. நிப்புக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கும் கோபம் வந்தது. சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தை அந்த ஆறு பக்கங்களையும் எடுத்து, வெள்ளையாக இருந்த இடங்களிலெல்லாம் மரமும் வீடும் ஆட்களும் போட்டு மை அடித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.