யாரும் உட்காராத வண்டி

எங்கள் பெரியப்பா கார் வியாபாரி. நான் பிறந்ததிலிருந்து அவர் ஒரு கார்கூட விற்றதில்லை. இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையே என்று ஐந்தாம் வகுப்பு முடியும்வரை எனக்குத் தோன்றியதே கிடையாது. என் கணக்கு மார்க்கைப் பார்த்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஷோரூம் இருந்தது. முன்னால் ஷோரூம், பின்னால் ஒர்க்‌ஷாப், மாடியில் நாங்கள்: பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான். வாசலுக்கு மேலே பித்தளை எழுத்துகளில் ‘கிரெஸ்வெல் மோட்டார் கார்கள், அதிகாரம் பெற்ற விற்பனையாளர்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள் என்பதும், தொழிற்சாலை இருந்த இடத்தில் பிஸ்கட் சுடுகிறார்கள் என்பதும் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியவந்தது. அதிகாரம் கொடுத்தவன் போய்ச் சேர்ந்துவிட்டான். பெற்றவர் மட்டும் தினமும் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பில் வேட்டி, மேலே கோட்டும் டையும். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் கோட்டு மட்டுமே தெரியும் என்பதால், யார் வந்தாலும் அவர் சட்டென்று எழுந்திருக்க மாட்டார். அதை மரியாதைக் குறைவு என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு கார் நின்றது. இளம்பச்சை. கப்பலில் வந்த கடைசி வண்டி. தினமும் காலையில் பெரியப்பாவே அதை மஞ்சள் துணியால் துடைப்பார். ஒர்க்‌ஷாப் மேஸ்திரியைக்கூடத் தொட விட மாட்டார். அதில் யாரும் உட்காரக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஒருவர் உட்கார்ந்து எழுந்துவிட்டால் அது பழைய வண்டியாகிவிடும் என்பார். எதிர் வரிசை வெற்றிலைக் கடைக்காரர் தினமும் கடை திறந்த கையோடு குரல் கொடுப்பார்:

“ஓய் பிள்ளே, பொண்ணை இன்னும் கெட்டிக் குடுக்கலியா?”

“நல்ல எடம் வரணும்லா ஓய்,” என்பார் பெரியப்பா.

கம்பெனி செத்தாலும் ஊரில் ஐந்தாறு கிரெஸ்வெல் வண்டிகள் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தன. பிரசவ டாக்டரம்மாவுடையது ஒன்று. முதுகுவலிக்கார நீதிபதி ஒருவருடையது ஒன்று. போனக்காட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த முதலாளியுடையது ஒன்று. ஏதாவது உடைந்தால் எல்லோரும் எங்களிடம்தான் வரவேண்டும். பெரியப்பா, “ஸ்டாக் இருக்கு, நாளைக்கு வாரும்,” என்பார். மறுநாள் சாமான் பழுப்புக் காகிதத்தில் சுற்றித் தயாராக இருக்கும். நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது தோட்டத்து முதலாளியின் வண்டிக்கு எஞ்சினே போய்விட்டது. பெரியப்பா அசரவில்லை. புது எஞ்சின் ஸ்டாக்கில் இருந்தது என்று மாற்றிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஒரு விஷயம்தான் உறுத்தியது. ஸ்டோர் ரூமுக்குள் நான் போயிருக்கிறேன். கண்ணாமூச்சி விளையாட்டில் ஒளிய அதைவிட நல்ல இடம் கிடையாது. வரிசை வரிசையாக இரும்பு அலமாரி, அலமாரி முழுக்க ஒன்றுமே இல்லை. காலி எண்ணெய் டின் ஒன்று, பல்லி இரண்டு. அப்புறம் சாமான் எங்கிருந்து வருகிறது? பள்ளிக்கூடத்தில் மலையாளப் பிள்ளைகள் சொன்ன யட்சிக் கதைகளை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். யட்சி வழியில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள் என்றுதான் கேள்வி. கார்ச் சாமான் கொண்டுவந்து கொடுப்பதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் யட்சிகளின் குணம் மாறலாம் இல்லையா? அதிலிருந்து இருட்டிய பிறகு ஸ்டோர் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன். பகலில் போனாலும் பாடிக்கொண்டே போனேன்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம் அப்பா ஒரு காரியம் செய்தார். அப்பாவுக்கு செக்ரட்டேரியட்டில் வேலை. ஷோரூம் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. விற்க ஒன்றுமில்லாத கடையைத் திறந்துவைத்துத் தன் அண்ணன் ஊர்ச் சிரிப்புக்கு ஆளாவது அவருக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்து முதலாளியிடமே போய், கண்ணாடிக்குள் நிற்கும் வண்டியை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைத்துவிட்டார். விஜயதசமியன்று காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வண்டி போனதும் கடையை ஜவுளிக்காரருக்கு வாடகைக்கு விடுவது என்றும் முடிவு. இதைக் கேட்ட பெரியப்பா சாப்பாட்டுத் தட்டில் ரசத்தைக் கையால் கலக்கிக்கொண்டே இருந்தார். வெகு நேரம்.

நவராத்திரி அஷ்டமி சாயங்காலம் எங்கள் வீட்டில் பூஜை வைத்தார்கள். எங்கள் ஊரில் பூஜைக்கு வைத்தால் வைத்ததுதான். புஸ்தகமானாலும் ஆயுதமானாலும் விஜயதசமி காலை எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. படிப்பதே பாவமாகிவிடும் அந்த ஒன்றரை நாளில் என்னைப் போன்ற பக்தையைத் திருவிதாங்கூரில் பார்க்க முடியாது. என் கணக்குப் புஸ்தகத்தை நானே முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்தேன். அதன் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு வைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம். துலாமாச மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. வீடு முழுக்கத் தூக்கம். நாளைக்கு வண்டி போய்விடும் என்ற நினைப்பு என்னை அரித்தது. இத்தனை வருஷம் யாரும் உட்காராத வண்டியில் நம் குடும்பத்திலிருந்து ஒருவராவது உட்கார வேண்டாமா? அந்தப் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த கொண்டியை விலக்கி ஷோரூமுக்குள் நுழைந்தேன். ஷட்டர் இறக்கியிருந்ததால் பக்கத்து ஜன்னலின் சாம்பல் வெளிச்சம் மட்டும். கார்க் கதவு சத்தமில்லாமல் திறந்தது.

உட்கார்ந்தேன். மெத்தென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். துணிக்கு அடியில் பலகை இருந்தது. ஸ்டியரிங்கைத் தொட்டேன். காலிப் பானைக்குள் அகப்பை சுற்றுவதுபோல எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுற்றியது. ஹார்னை அமுக்கினேன். சத்தமே இல்லை. பெடலில் கால் வைத்தேன், அது அப்படியே தரைக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டது.

அப்போதுதான் ஒர்க்‌ஷாப் பக்கத்துக் கதவு திறந்தது.

நான் இருக்கையிலிருந்து சரிந்து பாதி உடம்பைக் கீழே திணித்துக்கொண்டேன். வெறுங்கால் நடை. வண்டிக்கு முன்னால் வந்து நின்றது. கிர்ரென்று ஒரு சத்தம். பானெட் மெல்ல எழுந்து கண்ணாடியை மறைத்தது. இருந்த வெளிச்சத்திலும் பாதி போயிற்று. வண்டிக்குள் எங்கேயோ ‘டிக், டிக்’ என்று தட்டும் சத்தம். அடுத்து நடந்ததை இன்று சொன்னாலும் என் கை மயிர் எழுந்து நிற்கும். வைப்பர் அசைந்தது. மழை வெளியில் பெய்துகொண்டிருக்க, உள்ளே வறண்ட கண்ணாடியில், என் மூக்குக்கு நேராக, வைப்பர் இரண்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகப் போய், நின்று, திரும்பி வந்தன. யாரோ என்னைச் சரியாகப் பார்ப்பதற்காகக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வதுபோல இருந்தது.

பிறகு ஒரு குரல், ரொம்பத் தாழ்ந்து: “இது ஒண்ணுதாம் பாக்கி. கோவிச்சுக்கிடாத.”

பதிலுக்கு என்னிடமிருந்து வார்த்தை வரவில்லை. வேறு ஒன்று வந்தது. பாவாடையெல்லாம் நனைந்தது. மழையின் மேல் பழி போடலாமா என்று அந்த நிலையிலும் ஒரு கணம் யோசித்தேன்.

நடை ஜன்னல் பக்கம் போனது. எட்டிப் பார்த்தேன். பெரியப்பா! கோட்டு இல்லை, டை இல்லை; வேட்டியும் தோளில் துண்டும். ஷோரூமுக்குள் அவரை வெற்று மார்போடு நான் பார்த்ததே இல்லை. ஒரு கையில் பழுப்புக் காகிதப் பொட்டலம். இன்னொரு கையில் ஸ்பேனர், அதில் பூஜைச் சந்தனம் அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே டாக்டரம்மாவின் டிரைவர் குடையோடு நின்றிருந்தான்.

“கிட்டியோ மொதலாளி? வைப்பர் மோட்டார் இல்லாதே இந்த மழையில ஒரு அடி போவான் பற்றில்லா, முடியாது.”

“ஸ்டாக்ல கெடந்துது. ஒரிஜினல்னு டாக்டரம்மாட்ட சொல்லு. வா, நானே மாட்டித் தாரேன்.”

“பூஜையல்லே மொதலாளி, ஆயுதம் தொடலாமோ?”

“பெறக்கப்போற பிள்ளைட்ட விஜயதசமி வரைக்கும் பொறுன்னு சொல்லச் சொல்லுதியா? நடடே.”

பெரியப்பா வெளியே போனதும் நான் இறங்கினேன். பானெட் திறந்தபடியே நின்றது. நேராக ஓடிப்போயிருக்க வேண்டும். போகாமல் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை. எஞ்சின் இல்லை, ஹார்ன் இல்லை, பேட்டரி இல்லை. அறுந்த ஒயர்கள் நாலைந்து தொங்கின. அவற்றுக்குக் கீழே ஷோரூமின் கறுப்பு வெள்ளைத் தரை பளிச்சென்று தெரிந்தது. வெளியே முகம் பார்க்கலாம் போல மினுங்குகிற வண்டி, உள்ளே குடைந்தெடுத்த பூசணி. அங்கே ஒரு யட்சி உட்கார்ந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். யாரும் இல்லாததுதான் பயமாக இருந்தது. ஊரில் ஓடுகிற கிரெஸ்வெல் வண்டிகளை ஒவ்வொன்றாக நினைத்தேன். ஸ்டோர் ரூம் எது என்று புரிந்துபோயிற்று.

மறுநாள் பூஜை எடுத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். ஷட்டரை உயர்த்தியபோது தோட்டத்து முதலாளியின் பழைய கிரெஸ்வெல் வாசலில் வந்து நின்றது. அவர் நெட்டையான மனிதர், சிரிக்காமலே வேடிக்கை பேசுவார். பெரியப்பா அன்று கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் போட்டிருந்தார். முகம் மட்டும் வெந்நீரில் போட்ட துணி மாதிரி வெளுத்திருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: இன்னும் கொஞ்ச நேரத்தில் பானெட்டைத் திறப்பார்கள். நடுத்தெருவில் என் பெரியப்பா கள்ளன் ஆகிவிடுவார்.

விஷயம் தெரியாத அப்பா உற்சாகமாக இருந்தார். “எஞ்சின் இன்னிக்கு வரைக்கும் ஒரு மைல் ஓடினதில்ல, கேட்டேளா. தெறந்து காட்டச் சொல்லுகேன்.”

“எஞ்சின் அப்புறம் ஆவட்டே,” என்றார் முதலாளி. “முதல்ல நான் ஒண்ணு இருந்து பாக்கட்டே.” டிரைவர் பக்கத்துக் கதவின் பிடியில் கை வைத்தார்.

“உக்காராதீங்கோ!” என்று கத்தினேன்.

இதை வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த நொடியில் நான் நினைத்தது பெரியப்பாவின் மானத்தை அல்ல. அந்த இருக்கையின் ஈரத்தை.

“என்னட்டி?” என்றார் அப்பா.

“நான்... நேத்து அதுல உக்காந்தேன்.”

தெருவே திரும்பிப் பார்த்தது. வெற்றிலைக் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

“உக்காந்ததோட நிக்கல,” என்று மீதியையும் சொல்லிவிட்டேன்.

அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது அறைக்கு முன்னால் பெரியப்பா நடுவில் வந்து நின்றார்.

“நிறுத்துடே. பிள்ளைய அடிச்சு என்ன ஆவப்போவுது? உக்காந்தாச்சு. இனி இது புது வண்டி இல்ல.” முதலாளியைப் பார்த்துத் திரும்பினார். “பழைய வண்டிய விக்கியதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல பாத்துக்கிடுங்கோ. கம்பெனி தந்தது புது வண்டி விக்கிய அதிகாரம். நான் தர மாட்டேன்.”

“அண்ணாச்சி, எந்தக் கம்பெனி? எங்க இருக்கு கம்பெனி?” அப்பா கிட்டத்தட்ட அழுதார்.

முதலாளி கதவிலிருந்து கையை எடுத்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எங்கள் வண்டி எப்போதும் மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். அதை அதன் கர்வம் என்றே நான் எண்ணியிருந்தேன். அவர் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இருந்த சந்தில் கையை நீட்டி விரல்களால் அளந்தார். எழுந்து வெளியே போய், தன் வண்டியின் முன்சக்கரத்திலும் அதே மாதிரி அளந்தார். எஞ்சின் பாரத்தில் அமுங்கியிருந்த அங்கே கை நுழையவில்லை. இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்.

“பிள்ளே,” என்றார் கடைசியில். “எனக்கு எண்ட பழைய வண்டி மதி, அது போதும். இவ இங்கதன்னே இருக்கட்டும்.”

பிறகு தன் டிரைவரிடம், வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அவன் கிளம்புவதற்குக் கியரைப் போட்டபோது தடுத்தார். “வேண்டா. கொறச்சு நேரம் ஓடட்டே.”

எஞ்சின் ஓடியது. சீரான, பூனை தொண்டைக்குள் உறுமுவது போன்ற சத்தம். பெரியப்பாவும் முதலாளியும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேட்டார்கள். ஜவுளிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்ற நான், இரண்டு பெரிய மனிதர்கள் எனக்கு என்ன தண்டனை தரலாம் என்று யோசிக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. சத்தம் வந்தது தெருவில் நின்ற வண்டியிலிருந்து. பெரியப்பாவோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள் நின்ற பச்சை வண்டியையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார், அதுதான் ஓடுகிறது என்பதுபோல. அன்று மத்தியானம் அம்மாவிடம் போய், பெரியப்பாவுக்கு இப்போதெல்லாம் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரிவதில்லை, காது டாக்டரிடம் காட்டச் சொல்லு என்று ரகசியமாகச் சொன்னேன்.