தெர்கா சொன்ன வார்த்தை

அடேல் வார்கொன்யி எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தபோது, முதல் உலகப் போர் முடியப் போகிறது என்று புடாபெஸ்ட் நகரம் முழுக்கப் பேச்சாக இருந்தது. பதினோரு பெட்டி புத்தகம். சட்டி பானை ஒரே கூடை. வாசல் கதவைத் திறந்துவிடுவதும் படிக்கட்டைக் கழுவுவதும் என் வேலை. பெட்டிகளை ஏற்றியதில் எனக்கு மூச்சு வாங்கியது.

வக்கீல் கணவரை விட்டு வந்தவர். மூன்று நாவல் எழுதியவர். நாற்பது வயதுக்கு மேல் மனநோய்க்குப் பேச்சாலேயே வைத்தியம் பார்க்கக் கற்றிருந்தார். வருகிறவர்கள் சோபாவில் படுத்துக்கொண்டு பேசுவார்கள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

"படுத்துக்கிட்டுப் பேச எம் பொண்டாட்டி போதாதா?" என்று கீழ்வீட்டுத் தையற்காரர் கிண்டலடிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த இலையுதிர்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்து, என் பத்து மாதப் பையனைக் கொண்டுபோனது. அடக்கம் முடிந்த நாளிலிருந்து என் ஆறு வயது மகள் தெர்கா வாயே திறக்கவில்லை. ஒரு டாக்டர் தொண்டையில் மருந்து தடவினார். இன்னொருவர், "பிடிவாதம். ரெண்டு போடுங்க" என்றார். போட்டேன். அதையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

அடேல் அம்மா படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"எர்ஜி, தினம் ஒரு மணி நேரம் அவளை என்கிட்ட அனுப்புறியா?"

"பேசவே மாட்டேங்கிறாளேம்மா. சோபால படுத்து என்ன பண்ணுவா?"

"சோபா பெரியவங்களுக்கு. நாங்க தரையில உட்கார்ந்துக்குறோம்."

என்னை விட்டு இருக்கமாட்டாள் என்பதால் நானும் மூலையில் உட்கார்ந்தேன். ஒரு டப்பா நிறையப் பொத்தான்கள். தெர்கா பெரியதில் இரண்டு, நடுத்தரத்தில் ஒன்று, குட்டியாக ஒன்று எடுப்பாள். கடைசியில் குட்டியைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளிவிடுவாள். ஐந்து வாரம் இதே விளையாட்டு. அடேல் அம்மா எதையும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் பொறுமை போனது.

ஒருநாள் அவர் நடுப்பொத்தானைத் தொட்டார்.

"குட்டி ராப்பகலா அழுதா இதுக்குக் கோவம் வராதா? செத்துத் தொலையட்டும்னுகூட நெனச்சிருக்கும், இல்ல?"

தெர்கா குட்டிப் பொத்தானை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"நெனச்சதால யாரும் சாகறதில்ல கண்ணு. தம்பியைக் காய்ச்சல்தான் கொண்டுபோச்சு."

துருப்பிடித்த கீல் போல ஒரு குரல் வந்தது. "நான் சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன்."

ஒரே கட்டிலில் அணைத்துக்கொண்டு படுத்தவள் நான். இவ்வளவு பெரிய பாரத்தை என் பிள்ளை சுமந்தது எனக்குத் தெரியவில்லை. மாடிவீட்டுக்காரிக்கு எப்படித் தெரிந்தது?

இதை அவர் கட்டுரையாக எழுதினார். கையெழுத்துப் பிரதியோடு என் சமையலறைக்கு வந்து, அடுப்போரம் நின்று முழுவதும் வாசித்தார். "பேரை மாத்திட்டேன். வேண்டாம்னா சொல்லு, இங்கயே அடுப்புல போட்டுடறேன்." நாலாம் வகுப்பு தாண்டாத என்னிடம் அனுமதி கேட்ட முதல் ஆள் அவர்தான். "அடுப்புல போடாதீங்க" என்றேன்.

டாக்டர்கள் சபையில் அதைப் படித்தபோது, மருத்துவப் பட்டம் உண்டா என்று கேட்டுச் சிரித்தார்களாம். ஆனால் அடுத்த வருடம் அவர்களில் இருவர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கள் படியேறினார்கள்.

அந்தப் பிள்ளைகள் உள்ளே என்ன சொன்னார்கள் என்று அடேல் அம்மாவுக்குக் கசகசா ரொட்டி கொடுத்துக்கூடக் கேட்டுப் பார்த்தேன். ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, "அது அவங்க சொத்து, எர்ஜி" என்பார்.